நாற்றுமேடைக்கு நற்பங்கசு

மிளகாய் நாற்றுமேடையில் வைக்கோலும் உமியும் எரித்து மண்ணைத் தொற்றுநீக்குதல் கமக்காரர் நன்கறிந்த முறை. எனினும் எரித்ததோடு வேலை முடிந்ததெனக் கருதுதல் தவறாகும். தீயானது நாற்றழுகலை உண்டாக்கும் பங்கசுகளோடு அவற்றின் பகைவரையும் அழித்துவிடுகின்றது. வெறுமையான அம்மண்ணிற் பிதியமோ ரைசொக்டோனியாவோ மீண்டும் புகுந்தால் தடுப்பாரில்லை; மறுமேடை போட்டு நாற்றெடுப்பதற்குள் பருவமும் கடந்துவிடும்.

திரைக்கோடேர்மா என்னும் மண்பங்கசு, நோய்ப்பங்கசின் இழைகளைச் சுற்றிப் பின்னி அவற்றைக் கரைத்துண்பது. வைன்ட்லிங் என்பார் 1932இல் இதனை எடுத்துக்காட்டினார். மேடை நன்கு ஆறியபின், உக்கிய எருவோடு இதனைக் கலந்திட்டு ஈரங்காத்தல் வேண்டும். பங்கசுநாசினிகள் சில இதனையுங் கொல்லுமாதலால், அவை தோய்ந்த விதையை உடனிடலாகாது. உயிருள்ள இப்பொருளை வெயிலிற் கிடத்திவைத்துப் பின்னர் பயனில்லையென்று குறைகூறுவாரும் உளர்.