‘இஃப்’ வேண்டாம் என்கிறார் மாஸ்டர்

தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குக் குட்டி ஆங்கிலம் போதும் என்று டிக்கோயாப் பக்கத்து ஆங்கில ஆசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரை, இப்போது ஆசிரியர் ஓய்வறைகளில் வேதவாக்காகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. அவர் பெயரை விட்டுவிடுகிறேன். சரக்கு துரைமார் காலத்தது, இவர் தூசி தட்டியவர் மட்டுமே. அவருடைய தீர்ப்பு இது: ஆங்கில வாக்கியத்தின் உயிர் முதன்மை வாக்கியத்தில் இருக்கிறது, ‘இஃப்’, ‘ஹூ’, ‘ஆல்தோ’ என்று தொங்கும் துணை வாக்கியங்கள் வெறும் ஒப்பனை, தமிழில் அப்படியொரு சங்கதி இல்லாததால் நம் பிள்ளைகளின் மண்டையில் அது ஏறாது, ஆகவே சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருளோடு கடையைக் கட்டிவிடலாம்.

தமிழில் இல்லையாம்! சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கு எச்சவியல் என்று பெயரிட்டு, எச்சங்களைப் பத்தாக எண்ணிவைத்த தொல்காப்பியர் எதைப் பற்றிப் பேசினார் என்று மாஸ்டர் நினைக்கிறார், நேற்றைய ரொட்டியில் மிஞ்சியதைப் பற்றியா? ஆங்கிலம் ‘இஃப்’பையும் ‘ஹூ’வையும் தலையில் நிறுத்தி, உள்ளே வினைமுற்றை முற்றாகவே விட்டுவைக்கிறது; தமிழ் அதே காரியத்தை வினையின் வாலில் செய்து முற்றை எச்சமாக்குகிறது. பெய்தால், பெய்தாலும், பெய்த, பெய்து: இடம் மாறியிருக்கிறது, வேலை மாறியதா? முற்றுவினைதான் வேண்டுமென்றால் ‘என்று’ இருக்கிறது, எத்தனை முழு வாக்கியம் வந்தாலும் விழுங்கிவிடும். சந்தேகமிருந்தால் ஒரு காலை, வேலைக்கு ஆளெண்ணும் பெரட்டுக் களத்துக்குப் போய் நிற்கட்டும். “நேத்து மழையில வழுக்கி விழுந்தவள நாங்கதான் தூக்கிக்கிட்டுப் போனோம்னு கங்காணி சொல்லியும் எங்களுக்கு அரைப்பேருதான்னா, நாங்க யாருகிட்ட போய்க் கேக்குறது?” என்று, அரைநாள் சம்பளமே பதியப்பட்ட கொழுந்தெடுக்கும் ஒருத்தி மூச்சுவிடாமல் கேட்பாள். மேற்கோள் ஒன்று, ‘ஆல்தோ’வின் வேலையைச் செய்யும் ‘சொல்லியும்’ ஒன்று, அத்தனையையும் சுமக்கும் நிபந்தனை ஒன்று. எல்லாம் ஒரே கேள்விக்குள். இவள் மகனுக்கு ‘ஆல்தோ’ ஏறாது என்கிறவர், அந்தத் தீர்ப்பையே ‘இல்லாததால்’ என்ற துணை வாக்கியத்தின் முதுகில் ஏற்றித்தானே கொண்டுவருகிறார்? கையில் பிடித்திருக்கும் பொருளை இல்லையென்று சத்தியம் செய்வதற்கு என்ன பெயர், மாஸ்டர்?

பிள்ளை உண்மையிலேயே தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கட்டுரை அந்தப் பக்கமே போகவில்லை. ‘தி வர்க்கர்ஸ் ஹூ வேர் ஆப்சென்ட் வில் நொட் பி பெய்ட்’ என்றால், வராதவர்களுக்கு மட்டும் சம்பளமில்லை. ‘ஹூ’வுக்கு முன்னால் ஒரு காற்புள்ளி, ‘ஆப்சென்ட்’டுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி, அவ்வளவுதான், தொழிலாளர் அத்தனை பேரும் வராதவர்கள், அத்தனை பேருக்கும் சம்பளமில்லை. தமிழ்ப் பெயரெச்சம் இந்த வேறுபாட்டைத் தானாகக் காட்டாது. ஆசிரியர்தான் காட்ட வேண்டும். காட்ட வேண்டியதைக் காட்டாமல் ‘ஏறாது’ என்பது கற்பித்தலா, கைகழுவலா?

ஆனால் அந்த ‘ஒப்பனை’யைத்தான் என்னால் விட முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை எடுத்து, வம்சாவளிப் பிரஜைக்கான பிரிவை மாஸ்டர் தம் முறைப்படியே வாசிக்கட்டும். முதன்மை வாக்கியம் பெருந்தன்மையானது: குறித்த நாளுக்கு முன் இலங்கையில் பிறந்தவர் இலங்கைப் பிரஜை. பட்டாசு கொளுத்தலாம்! உயிர் இங்கேதானே இருக்கிறது, மிச்சம் ஒப்பனைதானே? அந்த ஒப்பனை என்ன சொல்கிறது தெரியுமா? தகப்பன் இலங்கையில் பிறந்திருந்தால், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருந்தால். கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்த பாட்டன் எப்படி இங்கே பிறந்திருப்பான்? லயத்தில் பிறந்த தகப்பனோ, பிறந்ததற்கு எந்தப் பத்திரத்தை நீட்டுவான்? இந்தியத் தமிழர் என்று அந்தப் பிரிவு பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஆளைச் சுட்டாமல் ஆளை வெளியேற்றும் வேலையை ஒரு ‘இஃப்’ பார்த்துக்கொண்டது. சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களுக்கு, 1952இல் அனுப்ப வாக்கே இல்லை. இதை எதிர்த்த கோடகன்பிள்ளை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. சட்டம் செல்லும் என்று 1953இல் அங்கும் கதவைச் சாத்தினார்கள்.

பழங்கதை என்பாரோ? தோட்டத் தொழிலாளர் சம்பளத்துக்கான 2016 கூட்டு ஒப்பந்தத்துக்கு வரட்டும். நாளுக்கு 730 ரூபா என்று மேடைகளில் முழங்கினார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 500, விலைப்பங்கு 30, மீதியில் 60 ஒழுங்காக வேலைக்கு வந்தால், 140 குறித்த அளவு கொழுந்தெடுத்தால். முதன்மை வாக்கியத்தை மட்டும் வாசித்தவன் 730ஐ நம்பிக் கடைக்காரனிடம் கடன் சொல்வான். ‘இஃப்’பை வாசித்தவன் தொழிற்சங்கக் காரியாலயத்துக்குப் போவான்.

மண்டையில் ஏறாது என்பதற்குப் பதில் சொல்வதே சி.வி. வேலுப்பிள்ளைக்கு அவமரியாதை. மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர், 1947இன் அந்த ஏழு பேரில் ஒருவர், 1954இல் ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்று ஆங்கிலத்திலேயே எழுதி வெளியிட்டவர். மாஸ்டரின் கோட்பாட்டில் இவரை எந்த மூலையில் உட்காரவைப்பது?

ஆக, குட்டி ஆங்கிலம் யாருக்குத் தோதானது? ‘யெஸ் சேர்’, ‘ரூம் ரெடி சேர்’ என்று சொல்லும் பையன்களைத் தேடி ஹட்டனுக்கு ஆளனுப்பும் முதலாளிகளுக்கு நிச்சயம் தோதானது; வேலைக் கடிதத்தில் ‘அன்லெஸ்’ எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் கேட்கும் பையன் அவர்களுக்கு எதற்கு? மாஸ்டரை அவர்கள் விலைக்கு வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. இலவசமாகக் கிடைப்பதை யார் விலைக்கு வாங்குவார்? அவருடைய வரும்படி வேறு வழியில் வருகிறது. கட்டுரையின் அடியில் அவருடைய டியூஷன் வகுப்பு விளம்பரம் இருக்கிறது: பொது வகுப்பில் குறு வாக்கியங்கள், ‘இஃப்’, ‘ஹூ’, ‘ஆல்தோ’வுக்கு ஞாயிற்றுக்கிழமை விசேட வகுப்பு, கட்டணம் தனி.