பேர் போடும் தொழில்



லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் உயர்தரம் படித்து முடித்த ஒரு தங்கச்சி, போன மாதம் என்னிடம் பத்திரிகை விளம்பரம் ஒன்றைக் காட்டினார். கொழும்பில் ஒரு கம்பனிக்கு மக்கள் தொடர்பு அலுவலர் தேவையாம். "அக்கா, இது என்ன வேலை? நாலு பேரோடு சிரித்துப் பேசுவதற்கா சம்பளம் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார்.

நல்ல கேள்விதான். விளக்கம் சொல்வதைவிட, அந்த வேலையைச் செய்து எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்கிப் போனவர்களைப் பற்றிச் சொல்வது மேல் என்று நினைத்தேன். முதலில் எனக்கு நினைவு வந்தவர் "பிலிம் நியூஸ்" ஆனந்தன்.

1958ஆம் ஆண்டு "நாடோடி மன்னன்" வந்தது. நாவலப்பிட்டியில் பிறந்த நம் ஊர்ப்பிள்ளை எம்.ஜி.ஆர். தானே தயாரித்து, தானே இயக்கி, தானே நடித்த படம். அப்போது ஆனந்தன், "பிலிம் நியூஸ்" என்ற பத்திரிகைக்குப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர். எம்.ஜி.ஆரின் பட அலுவலகத்துக்குப் போனபோது, அந்தப் படத்தின் புகைப்படங்களைப் பார்த்தார். "என்னிடம் கொடுங்கள், பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்" என்றார். சொன்னபடியே செய்தார். படங்கள் பத்திரிகைகளில் வெளியாயின. எம்.ஜி.ஆருக்கு மகிழ்ச்சி. அந்த வேலையையே அவரிடம் ஒப்படைத்தார். இப்படித்தான் தமிழ்ச் சினிமாவுக்கு முதல் பி.ஆர்.ஓ. கிடைத்தார். பின்னர் ஆயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமான படங்களுக்கு அவர் இந்த வேலையைச் செய்தார்.

ஆனால் அவரை எல்லோரும் நேசித்ததற்கு இது மட்டும் காரணமல்ல. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான "காளிதாஸ்" தொடக்கம், எந்தப் படத்தை யார் எடுத்தார், யார் இயக்கினார், யார் யார் நடித்தார்கள் என்றெல்லாம் சேர்த்து எழுதிவைத்தார். அப்படி எழுதும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதற்குத் தனிச் சம்பளமும் இல்லை. பழைய படமொன்றைப் பற்றிச் சந்தேகம் வந்தால், பத்திரிகைக்காரரும் ஆராய்ச்சி செய்பவரும் அவரைத்தான் தேடிப்போனார்கள். அவர் சேர்த்துவைத்தவற்றைப் பின்னர் தமிழக அரசே பணம் கொடுத்து வாங்கிக்கொண்டது. 2004இல் "சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு" என்று பெரிய நூலாகவும் வந்தது. 2016 மார்ச் மாதம் அவர் மறைந்தபோது, தமிழ்ச் சினிமாவின் ஞாபகமே போய்விட்டது என்று பலரும் வருந்தினார்கள்.

கவனியுங்கள் சகோதரிகளே. பெரிய நடிகரின் பெயரை யாரும் மறக்கப்போவதில்லை. ஒரேயொரு படத்தில் நடித்துவிட்டுக் காணாமற்போன பெண்ணின் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதையும் எழுதிவைக்க ஒருவர் வேண்டும் அல்லவா?

அதே 2016இல் அமெரிக்காவிலும் இதே தொழிலைச் செய்த ஒருவர் மறைந்தார். பெயர் சார்லி ரிட்ஜ்வே. பிள்ளைகளுக்குப் பிடித்த மிக்கி மவுஸ், டொனால்ட் வாத்து இருக்கும் டிஸ்னி கேளிக்கைப் பூங்காக்களின் பிரசார அலுவலராக இருந்தவர். முதலில் அவர் பத்திரிகை நிருபர். 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறந்த நாளில் செய்தி எடுக்கப் போனார். 1963இல் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, 1994 வரை இருந்தார்.

வேடிக்கையான மனிதர். 1984இல் டொனால்ட் வாத்துக்கு 50 வயது நிறைந்தபோது, தொப்பி போட்ட 50 நிஜ வாத்துகளை டொனால்டின் பின்னால் ஊர்வலம் விட்டார். அந்தக் காட்சியைப் படம்பிடிக்காமல் எந்தப் பத்திரிகைக்காரர் திரும்பிப்போவார்? நிருபராக இருந்து வந்தவர் ஆனபடியால், செய்திக்கு என்ன தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பூங்காக்களில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. அதைக் கட்டி வளர்த்தவர்களின் பெயர்களைப் பிரதான வீதியின் ஜன்னல்களில் எழுதிவைப்பார்கள். புளோரிடாவிலுள்ள பூங்காவில் ரிட்ஜ்வேயின் பெயரும் ஒரு ஜன்னலில் இருக்கிறது. எந்த நிகழ்ச்சியும் சிறியதல்ல என்ற கருத்தில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்கள். காலமெல்லாம் மற்றவர்களைப் பற்றி உலகத்துக்குச் சொன்னவருக்குக் கிடைத்த மரியாதை அது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம் தோட்டங்களில் ஒரு நாள் வேலையையே "பேர்" என்றுதான் சொல்கிறோம். சொன்ன கிலோ எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, மலையேறி இறங்கிவரும் பெண்ணுக்கு அந்தப் பேர் விழுந்தால்தான் அடுப்பு எரியும். ஆனால் அவளுடைய சொந்தப் பெயர் எங்கே ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது? பிறப்புச் சான்றிதழில் ராஜலெட்சுமி, செக்ரோலில் ராஜம்மா, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. 50 வயதில் சேமலாப நிதியை எடுக்கப் போகும்போதுதான் மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கிறது.

பத்திரம் இல்லாத வேதனை நமக்குப் புதிதல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. 2003இல் புதிய பிரஜாவுரிமைச் சட்டம் வரும்வரை, காகிதம் தேடித் தேடியே பலருடைய ஆயுள் போனது. பெயரை ஒழுங்காக எழுதி வைப்பதன் அருமை நம்மைவிட யாருக்குத் தெரியும்?

ஆகவே ஒவ்வொரு மாதர் சங்கமும் ஒரு தடித்த கொப்பி வாங்கட்டும். உங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற அம்மாமார், பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயம்மாமார், பிரசவத்துக்கு ஓடிவந்த மருத்துவச்சிமார் எல்லோருடைய பெயரையும் அதில் எழுதுங்கள். பிறந்த ஆண்டு, வேலைக்குப் போன ஆண்டு, செய்த வேலை, முடிந்தால் ஒரு புகைப்படம். பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். கூடவே, உங்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சம்பளத் துண்டு மூன்றையும் பக்கத்தில் வைத்து, பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இன்றே கிராம சேவகரிடமும் தோட்டக் காரியாலயத்திலும் கேட்டுத் திருத்தும் வழியைப் பாருங்கள். ஓய்வுபெறும்வரை காத்திருக்க வேண்டாம்.

அந்தத் தங்கச்சியைப் போல வேலைக்கு விண்ணப்பிக்க இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இந்தத் தொழிலுக்குச் சிரிப்பும் பேச்சும் வேண்டும்தான். ஆனால் ஆனந்தனையும் ரிட்ஜ்வேயையும் மற்றவர்கள் நம்பியது, சொன்னதைச் செய்ததாலும் விபரத்தைச் சரியாகக் கொடுத்ததாலும்தான். ஒரு சங்கக் கொப்பியை ஒழுங்காக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, அந்தத் தொழிலில் பாதி ஏற்கெனவே தெரியும். பயப்படாமல் விண்ணப்பியுங்கள்.