பெரியப்பாவின் மனுவில் ஏழு கோரிக்கை... எம்.பி-க்கு உரியது எத்தனை?

உறையூர் வெக்காளியம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? அம்மனுக்கு மேலே கூரை இல்லை. மக்களுக்கெல்லாம் வீடு கிடைக்கும்வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று வெயிலிலும் மழையிலும் இருக்கிறாள் என்பது நம்பிக்கை. தங்கள் குறையை ஒரு தாளில் எழுதி, சன்னதிக்கு எதிரே உள்ள சூலத்தில் கட்டிவிட்டுப் போவார்கள் பக்தர்கள். மகள் கல்யாணம், மகன் வேலை, வீட்டுக் கடன், வயிற்று வலி என்று எல்லாம் ஒரே தாளில் இருக்கும். அம்மனுக்கு எல்லாத் துறையும் பொறுப்பு. அதனால் பிரச்னை இல்லை.

போன வாரம் உறையூரில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். காபி வருவதற்குள் ஒரு நோட்டுத்தாளை நீட்டினார். "நீதான் பத்திரிகைல இருக்கியேம்மா, இதை டைப் பண்ணிக் குடு. எம்.பி. தொகுதிக்கு வர்றப்போ கையில குடுக்கணும்" என்றார்.

தாளில் ஏழு கோரிக்கைகள் இருந்தன.

ஒன்று, தெருவிளக்கு. இரண்டு, சாக்கடைக்கு மூடி. மூன்று, பக்கத்து வீட்டு அக்காவுக்கு ரேஷன் கார்டு. நான்கு, காலையில் கூடுதலாக ஒரு டவுன் பஸ். ஐந்து, கைத்தறிச் சேலைக்கு வரி வேண்டாம். ஆறு, கரூர், ஈரோடு பக்கம் போகும் எக்ஸ்பிரஸ் ஒன்று கோட்டை ஸ்டேஷனில் நிற்க வேண்டும். ஏழு, பி.எஃப். பென்ஷனை உயர்த்த வேண்டும்.

ஏழுமே நியாயமானவை. ஆனால், இவற்றில் எம்.பி-யிடம் நேராகக் கேட்கக்கூடியவை கடைசி இரண்டுதான்.

யார் எதற்கு?

தெருவிளக்கும் சாக்கடை மூடியும் மாநகராட்சி விஷயம். திருச்சி மாநகராட்சியில் 65 வார்டுகள் இருக்கின்றன. உங்கள் வார்டு கவுன்சிலர்தான் முதல் ஆள். ரேஷன் கார்டும் டவுன் பஸ்ஸும் மாநில அரசுடையவை. அதற்கு எம்.எல்.ஏ. உறையூர் என்றால் திருச்சி மேற்குத் தொகுதி எம்.எல்.ஏ.

ஐந்தாவதுதான் கொஞ்சம் குழப்பும். ஜி.எஸ்.டி. என்றாலே டெல்லி, டெல்லி என்றாலே எம்.பி. என்று நினைக்கிறோம். ஆனால், வரி எத்தனை சதவிகிதம் என்று பரிந்துரைப்பது ஜி.எஸ்.டி. கவுன்சில். ஒன்றிய நிதியமைச்சரோடு அங்கே உட்காருவது மாநில அமைச்சர்கள், பெரும்பாலும் நிதியமைச்சர்கள். நம் எம்.பி-க்கு அங்கே நாற்காலி கிடையாது.

2022 ஜனவரி 1 முதல் துணிகளுக்கான வரி 5 சதவிகிதத்திலிருந்து 12 சதவிகிதமாக உயர இருந்தது. தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் எதிர்த்தன. முந்தைய நாள், 2021 டிசம்பர் 31 அன்று கூடிய கவுன்சில் அந்த உயர்வை நிறுத்திவைத்தது. தறி வைத்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது உறையூர் பருத்திச் சேலை நெய்பவர்களைக் கேட்டால் தெரியும். அந்த நேரத்தில் மனு போகவேண்டிய இடம் டெல்லி அல்ல, சென்னைக் கோட்டை.

ஆறாவதும் ஏழாவதும் எம்.பி-யின் வேலை. ரயில் ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. பென்ஷனும் அப்படித்தான். பெரியப்பா, பெல் நிறுவனத்துக்கு வேலை செய்துகொடுத்த ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் இருந்தவர். இ.பி.எஸ்-95 என்ற பென்ஷன் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தது 2014-ல். திருவெறும்பூர் பக்கம் அவரைப்போல நிறைய பேர் இருக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் ஒலிக்கவேண்டிய தொகுதிப் பிரச்னை என்றால் இதுதான்.

66 சென்ட்டுக்காகத் தொங்கிய பாலம்

நம் ஊர்க் கூட்டங்களைக் கவனித்திருப்பீர்கள். தலைவர்கள் பேச்சை ஆரம்பிப்பது நாட்டு நடப்பில். கூட்டணி, ஆளுநர், மொழி, நிதிப் பகிர்வு என்று ஒரு சுற்று. கடைசி ஐந்து நிமிடம் தொகுதிக்கு. தேசம் ஒரு பை, தொகுதி இன்னொரு பை. ஆனால் அந்த இரண்டு பைகளும் தனித்தனி இல்லை என்பதற்குத் திருச்சியிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. ஜங்ஷன் பக்கத்து அரிஸ்டோ மேம்பாலம்.

2014-ல் வேலை தொடங்கியது. பல திசைகளுக்குப் பிரியும் பாலம். மற்ற திசைகளில் வண்டி ஓட ஆரம்பித்தும், மன்னார்புரம் பக்கம் போகும் கரம் மட்டும் பாதியில் அந்தரத்தில் நின்றது. காரணம், அது இறங்கவேண்டிய இடம் ராணுவத்துக்குச் சொந்தம். தேவைப்பட்டது ஏறக்குறைய 66 சென்ட். ஒரு ஏக்கர்கூட இல்லை.

பாலம் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. நிலமோ ஒன்றியப் பாதுகாப்பு அமைச்சகத்துடையது. மாநகராட்சியால் ஒன்றும் செய்ய முடியாது. எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேட்டாலும் பதில் டெல்லியில்தான் இருக்கும். அந்தக் காலத்தில் திருச்சிக்கு எம்.பி-யாக இருந்தவர்கள் அ.தி.மு.க-வின் ப.குமாரும், 2019-க்குப் பிறகு காங்கிரஸின் திருநாவுக்கரசரும். மாநிலத்தில் ஆட்சியும் மாறியது. பாலம் தொங்கியபடியே இருந்தது. 2022-ல்தான் நிலத்தில் வேலை செய்ய அனுமதி வந்தது. 2023-ல் அந்தக் கரம் திறக்கப்பட்டது.

'ஒன்றிய - மாநில உறவு' என்பது டி.வி. விவாதத் தலைப்பு என்றுதான் நினைக்கிறோம். திருச்சிக்காரர்களுக்கு அது பாலத்துக்குக் கீழே நெரிசலில் நின்ற நேரம்.

அமைச்சரானால் லாபமா?

"நம்ம எம்.பி. மந்திரி ஆயிட்டா எல்லாம் நடந்துடும்" என்றார் பெரியப்பா. அவருக்கு ரங்கராஜன் குமாரமங்கலம் ஞாபகம். 1998-ல் அ.தி.மு.க. கூட்டணியில் பா.ஜ.க. வேட்பாளராகத் திருச்சியில் ஜெயித்து, வாஜ்பாய் அரசில் மின்துறை அமைச்சரானவர். 1999 ஏப்ரலில் அந்த ஆட்சி ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. அதே ஆண்டு தி.மு.க. கூட்டணியில் நின்று, அதே திருச்சியில் மறுபடி ஜெயித்தார். 2000 ஆகஸ்டில், 48 வயதில் காலமானார்.

அமைச்சராக இருப்பவருக்குச் செல்வாக்கு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அமைச்சர்கள் கேள்வி நேரத்தில் பதில் சொல்வார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள். தொகுதிக்கு ஒரு அமைச்சர் கிடைக்கும்போது, கேள்வி கேட்கும் ஆள் போய்விடுகிறார். சாதாரண எம்.பி-யின் பெரிய ஆயுதமே கேள்விதான். எழுத்தில் கேட்டால், துறை அமைச்சர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

பணக் கணக்கு

எம்.பி-யின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். இந்தப் பணம் அவர் கைக்கு வராது. வேலையை அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செய்யும். திருச்சி நாடாளுமன்றத் தொகுதியில் ஸ்ரீரங்கம், திருச்சி மேற்கு, திருச்சி கிழக்கு, திருவெறும்பூர், கந்தர்வக்கோட்டை, புதுக்கோட்டை என ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஐந்து வருடத்துக்கு 25 கோடி. ஆறாகப் பிரித்தால் தலைக்கு நான்கு கோடி சொச்சம்.

தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. நிதி ஆண்டுக்கு 3 கோடி. ஒரே சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து வருடத்தில் 15 கோடி! ஆக, 'சமுதாயக் கூடம் கட்டினேன், பஸ் ஸ்டாப் நிழற்குடை வைத்தேன்' என்பதை மட்டும் வைத்து எம்.பி-யை எடைபோடுவது சரியாக இருக்காது.

மணப்பாறை அத்தைக்கு ஒரு காப்பி

"இதையே மணப்பாறை அத்தைக்கும் ஒரு காப்பி போட்டுடு, அவங்க ஊர்லயும் குடுக்கட்டும்" என்றார் பெரியப்பா. "அத்தைக்கு எம்.பி. வேற, பெரியப்பா" என்றேன். அவருக்கு ஆச்சர்யம்.

திருச்சி மாவட்டத்தில் ஒன்பது சட்டமன்றத் தொகுதிகள். நான்குதான் திருச்சி எம்.பி-க்கு. லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் நான்கும் பெரம்பலூர் எம்.பி-க்கு. மணப்பாறை, கரூர் எம்.பி-க்கு. 2008 தொகுதி மறுவரையறை செய்த வேலை இது. புதுக்கோட்டை என்ற நாடாளுமன்றத் தொகுதியே அப்போது காணாமல்போனது.

அடுத்த மறுவரையறையில் தமிழ்நாட்டின் 39 இடங்கள் என்னாகும் என்பது டெல்லி அரசியலின் பெரிய சண்டை. 2002-ல் நடைமுறைக்கு வந்த 84-வது அரசியல் சட்டத் திருத்தம், 2026-க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புவரை மாநிலங்களின் இட எண்ணிக்கையை மாற்றாமல் நிறுத்திவைத்தது. எண்ணிக்கை மட்டுமல்ல, எல்லைக்கோடும் மாறும். உங்கள் மனு எந்த ஊர் எம்.பி-யின் மேஜைக்குப் போகும் என்பதும் மாறும். மணப்பாறை அத்தைக்கு அது ஏற்கெனவே நடந்துவிட்டது.

என்ன கேட்கலாம்?

2024-ல் ம.தி.மு.க-வின் துரை வைகோவை, தீப்பெட்டி சின்னத்தில், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் திருச்சி டெல்லிக்கு அனுப்பியது. அவரோ, நாளை வேறொருவரோ, எந்தக் கட்சிக்காரரோ, மேடையில் தேசத்தைப் பற்றிப் பேசினால் கைதட்டுங்கள். கூடவே மூன்று கேள்விகளையும் கேளுங்கள். நீங்கள் பேசும் இந்த விஷயம் எங்கள் தொகுதியில் யாரைத் தொடுகிறது? அதைப் பற்றி நாடாளுமன்றத்தில் என்ன கேட்டீர்கள்? என்ன பதில் வந்தது?

பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது. மக்களவை இணையதளத்தில் எம்.பி-யின் பெயரைத் தேடினால், அவர் கேட்ட கேள்விகளும் அமைச்சர்களின் பதில்களும் தேதியோடு வரும். பெரியப்பாவின் போனில் காட்டிக்கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் படித்தார். காபி ஆறிப்போனது.

பிறகு ஒரு மனுவை நான்காக்கினோம். கவுன்சிலருக்கு ஒன்று, எம்.எல்.ஏ-வுக்கு ஒன்று, மாநில நிதியமைச்சருக்கு ஒன்று, எம்.பி-க்கு ஒன்று. கிளம்பும்போது பழைய நோட்டுத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் பெரியப்பா.

"இதைக் கிழிக்காதம்மா. வெள்ளிக்கிழமை அம்மனுக்கு ஆகும்."

உங்கள் மனுவில் என்ன இருக்கிறது மக்களே? யாருக்கு எழுதப்போகிறீர்கள்?