‘ஊர்த்தெருவா, காலனியா?’

சிறுநகரத்தில் வீட்டு வாடகை குறைவு என்கிறார்கள். யாருக்குக் குறைவு? சென்னையில் கொடுக்கிற காசில் பாதிகூட வேண்டாம், இரண்டு அறை, சமையல்கட்டோடு வீடு கிடைக்கும், காற்று வரும், பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்விடலாம். எல்லாம் சரிதான். ஆனால் அது சாதி இந்துவுக்கான விலை. அதே வீடு நமக்குக் கிடைக்காது. தப்பித்தவறிக் கிடைத்தாலும் அதே விலைக்குக் கிடைக்காது.

கள்ளக்குறிச்சியையே எடுத்துக்கொள்வோம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கினார்கள். ஆபீஸ் வந்தால் ஆள் வரும், ஆள் வந்தால் வாடகை ஏறும். கொல்லையில் மாடு கட்டியிருந்தவர்களும் மாடி எழுப்பி ‘டு-லெட்’ பலகை தொங்கவிடுகிறார்கள். வருகிற ஆட்களில் நம்ம பிள்ளைகளும் உண்டு. தேர்வெழுதி வேலை வாங்கியவர்கள், படிக்க வந்தவர்கள், ஜவுளிக்கடையில் நிற்கிறவர்கள்.

நானும் இங்கே வீடு தேடியவன்தான். இரண்டு மாதத்தில் 19 வீட்டுப் படி ஏறி இறங்கினேன். முதல் கேள்வி வேலையைப் பற்றி இருக்காது, சம்பளத்தைப் பற்றியும் இருக்காது. “எந்த ஊரு தம்பி?” ஊரைச் சொன்னதும் அடுத்தது, “அங்க எங்க, ஊர்த்தெருவா, காலனியா?” அதோடு முடிந்தது. “அவரு வந்ததும் கேட்டுச் சொல்றேன், நம்பரு குடுத்துட்டுப் போங்க.” போன் வராது. நாமே கூப்பிட்டால், “நேத்துதாம்பா இன்னொருத்தங்க அட்வான்ஸ் குடுத்துட்டாங்க.” பலகை மட்டும் அடுத்த வாரமும் அதே இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும்.

பெருநகரத்தில் ‘சைவம் மட்டும்’ என்று எழுதி வைத்து ஆளைக் கழிக்கிறார்கள். இங்கே அந்த வேஷமெல்லாம் தேவையில்லை. வீட்டுக்காரரே ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் நிற்கிறவர். முப்பது மைல் சுற்றளவில் எந்த ஊரில் எந்தத் தெரு யாருடையது என்று அவருக்கு மனப்பாடம். நகரத்துக்குப் போனால் ஆளை யாருக்கும் தெரியாது என்பது சிறுநகரத்தில் செல்லாது. கிராமத்தில் ஊரும் சேரியும் எப்படிப் பிரிந்து கிடக்கிறதோ, அதையே தெருத்தெருவாகப் பெயர்த்துக் கொண்டுவந்து கான்கிரீட்டில் கட்டியிருக்கிறார்கள். இதில் புரோக்கர் வேறு: “சார், தப்பா நெனைக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க? ஓனரு கேப்பாரு.” தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்?

கடைசியில் நமக்கு மிஞ்சுவது ஊருக்கு வெளியே, கடைசி பஸ் ஒன்பது மணிக்கே நின்றுவிடுகிற புறவழிச்சாலை ஓரம். இரவுப்பணி பார்க்கிற நர்ஸ் அங்கே எப்படிப் போய்ச் சேருவாள்? ஊருக்குள்ளேயே வேண்டுமென்றால் சொந்த ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்ல வேண்டும். அம்பேத்கர் படம் பீரோவுக்குள் போகும். மாட்டுக்கறி சமைக்க முடியாது. பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று பெற்ற தாயையே வரவேண்டாம் என்று சொல்லிவிட்ட ஒரு தோழரை எனக்குத் தெரியும். வாடகை 4,500 ரூபாய்தான். இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எவ்வளவு?

1917இல் அண்ணல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க இடமில்லாமல் பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார், தடியோடு வந்து வெளியேற்றினார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அதில் நாம் அதிகம் பேசாத பகுதி ஒன்று உண்டு. அன்று அவர் இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார். ஒருவர் இந்து, நீங்கள் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர் கிறித்தவர், மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். இருவரும் கெட்டவர்கள் இல்லை! நம்மோடு மேடையேறிச் சாதி ஒழிப்பு பேசுகிற முற்போக்குத் தோழர்களிலும் இந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள். மாடி போர்ஷன் காலியாக இருக்கும். “எனக்கு ஒண்ணுமில்ல தோழர், அம்மாதான் பழைய ஆளு” என்பார்கள். நூறு வருசமாக இந்த அம்மாக்கள் தலையில்தான் எல்லாப் பழியும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1955ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவில், எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தீண்டாமையின் பேரில் தடுப்பது குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். அட்வான்ஸ் குடுத்துட்டாங்க என்று சிரித்த முகத்தோடு சொல்கிறவர் மீது இதை எப்படி நிரூபிப்பது? தமிழ்நாட்டில் 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது, பதிவு கேட்கிறது, வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. எல்லாம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டவனுக்கு. சாதி கேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவனைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆதிதிராவிடர் நல விடுதியும் படிப்பு முடிகிற நாள்வரைதான். மறுநாள் பெட்டியோடு தெருவில் நிற்கிறவனுக்கு என்ன ஏற்பாடு? ஒவ்வொரு தாலுகா நகரத்திலும் அரசே வாடகைக் குடியிருப்பு கட்டட்டும், சமத்துவபுரத்தில் செய்ததைப் போல ஒதுக்கீடு வைத்துக் கொடுக்கட்டும் என்று நாம் கேட்டாக வேண்டும்.

கசந்தாலும் இதையும் சொல்ல வேண்டும். கடன் வாங்கி நகரத்தில் வீடு கட்டிய நம் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் பலகை தொங்குகிறது. நம்ம பையன் போய்க் கேட்டால், “பேமிலிக்குத்தாம்பா” என்கிறார்கள். தெருவில் தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயம், அந்தப் பயத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. புரியாதது இன்னொன்று. அருந்ததியர் வீட்டுப் பிள்ளை வந்து கேட்டால், சாதி இந்து நம்மிடம் கேட்ட அதே கேள்வியை நம் ஆட்களே அவனிடம் கேட்கிறார்கள்! இதை மறைத்து வைத்துக்கொண்டு தலித் ஒற்றுமை பேசினால் யார் நம்புவார்கள்?

கல்லூரி திறப்பதற்குள் நம் தோழர்கள் ஊர் ஊராக ஒரு வேலை செய்யலாம். நம் ஆட்களின் வீடுகளில் எத்தனை அறை காலி, வாடகை எவ்வளவு, தண்ணீர் உண்டா, இரவு பஸ் உண்டா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆதரிக்கிற மற்ற சாதித் தோழர்களிடமும் போய்க் கேளுங்கள், அம்மாவை முன்னால் வைத்துக்கொண்டே கேளுங்கள். அருந்ததியர் என்றாலோ, தனியாக வேலை பார்க்கிற பெண் என்றாலோ தயங்குகிற வீட்டை அந்த நோட்டில் ஏற்ற வேண்டாம்.