உள்ளே பார்க்க வழியில்லாத போர்டு எதற்கு?

சென்னை ரிச்சி தெருவுக்குப் புராஜெக்ட் போர்டு வாங்கப் போகும் மாணவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள். என்ன விலை? கோடு ரெடியாகக் கிடைக்குமா? ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்க முடியுமா என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. இது கவலைக்குரியது.

கேட்காததன் விளைவு ரிவ்யூவுக்கு முந்தைய இரவில் தெரியும். மேல்தொட்டியின் தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டாரை இயக்கும் சாதாரண புராஜெக்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடைசிப் பத்து அளவீடுகளைச் சேமிக்க ஓர் அர்ரே. வரிசை எண் 0 முதல் 9 வரைதான் போக வேண்டும்; சிறு பிழையால் 10 வரை போகிறது. பதினோராவது அளவீடு பக்கத்து மாறியின் மேல் எழுதப்படுகிறது. மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்று குறித்துவைத்திருப்பது அந்த மாறிதான். மோட்டார் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கிறது.

மாணவர் மோட்டார் வரிகளுக்கு நடுவே சீரியல் பிரிண்ட் போட்டுத் தேடுகிறார். பிழை அங்கே இல்லை. 9600 பாட் வேகத்தில் ஓர் எழுத்து வெளியேறவே ஏறக்குறைய ஒரு மில்லி நொடி ஆகும். ஏடிமெகா328பி சிப்புள்ள அர்டுயினோ ஊனோவின் ரேம் மொத்தமே 2 கேபி. பிரிண்ட் வாசகங்களும் அதில் இடம் பிடிக்கும். போடப் போட நேரம் மாறும், மாறிகள் இருக்கும் இடமும் மாறலாம். பிழை வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் பழி சென்சார் மேல் விழும். விடிந்ததும் புது சென்சார் வாங்க ஓட்டம்.

புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்கும் டீபக் வசதியுள்ள சிப்பாக இருந்தால் அந்த மாறியின் மேல் ஒரு வாட்ச்பாயின்ட் வைத்தால் போதும். யார் அங்கே எழுதினாலும் பிராசசர் நின்றுவிடும். மோட்டார் வரி எழுதினால் தாண்டவிடலாம். அளவீட்டைச் சேமிக்கும் வரியில் நின்றால், வரிசை எண் 10 என்பது திரையில் தெரியும். திருடன் கையும் களவுமாக அகப்பட்டான்.

இதற்குப் பணமில்லை என்று சொல்லும் காலம் போய்விட்டது. 2021-இல் 4 டாலர் விலையில் வந்த ராஸ்பெரி பை பிக்கோவில் டீபக்குக்கென்றே மூன்று பின்கள் உண்டு. குறித்த வரியில் புரோகிராமை நிறுத்தும் பிரேக்பாயின்ட் 4, வாட்ச்பாயின்ட் 2 வன்பொருளிலேயே இருக்கின்றன. இன்னொரு பிக்கோவையே டீபக்கராக மாற்றிக்கொள்ளலாம். எஸ்டிஎம்32 நியூக்ளியோ போர்டுகளில் டீபக்கர் கூடவே வருகிறது. இஎஸ்பி32-சி3, எஸ்3 சிப்புகளுக்குள்ளேயே யுஎஸ்பி வழி ஜேடேக் என்ற டீபக் வசதி இருக்கிறது. ஆனால் சிப்பின் யுஎஸ்பி பின்களை வெளியே கொண்டுவராத போர்டுகளும் விற்கின்றன, பார்த்து வாங்குங்கள்.

ஊனோவின் ஏடிமெகா328பி சிப்பிலும் டீபக்வயர் என்ற வழி உண்டு. ஆனால் அது ரீசெட் பின் வழியாக வேலை செய்கிறது. அதே பின்னில் தானியங்கி ரீசெட்டுக்கான கெப்பாசிட்டர் குறுக்கே நிற்கிறது. போர்டில் ஒரு தடத்தை வெட்டி, தனிக் கருவியும் வாங்கினால்தான் பயன். முதல் எல்இடியை மினுக்க ஊனோ நல்ல போர்டுதான். நாலு வருடப் படிப்பின் முடிவிலும் அதிலேயே நிற்கும் மாணவர், பிரேக்பாயின்ட் என்பதையே பார்க்காமல் வேலைக்குப் போகிறார்.

ஓர் எச்சரிக்கை: பிரேக்பாயின்ட்டில் பிராசசர் நின்றாலும் மோட்டாரை ஓட்டும் டைமர் நிற்காமல் போகலாம். சோதிக்கும்போது மோட்டாரைக் கழற்றிவிட்டு ஓர் எல்இடியை மாட்டிக்கொள்ளுங்கள்.

லேப் கொள்முதல் பட்டியலில் கையெழுத்திடும் துறைத் தலைவர்களிடம் கேட்கிறோம்: இந்த ஆண்டுப் பட்டியலில் போர்டின் பெயருக்குப் பக்கத்தில் டீபக் வசதிக்கு ஒரு கட்டம் போடுங்கள். அது காலியாக இருந்தால், பட்டியலைத் திருப்பி அனுப்புங்கள்.