காட்டின் கணக்கில் விடுபட்டவை

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்து உலு லங்காட் வட்டாரத்தில், சுங்கை சொங்காக் என்னும் ஆற்றோரக் காடு ஒன்று உண்டு. ஜனங்கள் நீராடவும் கூடாரம் அடித்துத் தங்கவும் செல்லும் உல்லாச ஸ்தலம் அது. தாவர சாஸ்திரிகள் அதுவரை பெயரிட்டறியாத செடி ஒன்று அவ்விடத்திலேயே கண்டெடுக்கப்பட்டு, 2025-இல் ‘திஸ்மியா சிலாங்கூரென்ஸிஸ்’ என்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கண்ணில் பட்ட செடிகள் இருபதுக்கும் குறைவு. இச்செய்தியை வேடிக்கையாகப் படித்து மறந்துவிடுதல் தகாது. காடுகளை எந்தக் கணக்கைக் கொண்டு மதிப்பிடுகிறோம் என்னும் பெரிய கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

இச்செடிக்குப் பச்சையம் இல்லை. சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்கும் தொழிலை அது அடியோடு கைவிட்டுவிட்டது. வேருக்குள் புகும் காளான் இழைகளே அதற்கு ஆகாரம் அளிப்பவை. அக்காளானோ பச்சை மரங்களின் வேர்களோடு கொடுக்கல் வாங்கல் நடத்துவது. மரம் சம்பாதித்ததைக் காளான் கொணர, செடி உண்கிறது. இவை மட்கிய இலைகளைத் தின்று வாழ்பவை என்றே நெடுங்காலம் புத்தகங்களில் எழுதி வந்தனர். அது பிழை. மட்கை எங்கும் குவிக்கலாம். மரமும் காளானும் செடியும் கூடிய உறவைக் குவிக்க முடியாது. ஆதலின், காட்டை அழித்துவிட்டுச் செடியை மட்டும் தொட்டியில் காப்போம் என்பார் வாதம் இங்கே செல்லாது.

காளானையே முற்றிலும் நம்பிப் பிழைக்கும் செடியினங்கள் உலகில் 500-க்கு மேல் உண்டு. இவை ஒரே குலத்தவை அல்ல. ஆர்க்கிட், பர்மன்னியா, ஜென்ஷன் முதலிய பல குடும்பங்களில், 40 முறைக்கு மேல், தனித்தனியே இவ்வாழ்க்கை தோன்றியிருக்கிறது. பச்சையம் போனதோடு, குலத்தை அறிய உதவும் மரபணுக்கள் பலவும் போயின. அதனால் வகைப்படுத்துவோரிடையே வழக்கு ஓயவில்லை. திஸ்மியா தனிக் குடும்பமா, பர்மன்னியாவின் கிளையா என்பதில் இன்றும் இரு கட்சிகள் உண்டு. ஆப்பிரிக்கக் காடுகளின் ‘ஆப்ரோதிஸ்மியா’ 2024-இல்தான் தனிக் குடும்பமாகப் பிரிக்கப்பட்டது. இதைப் பெயர்ச் சண்டை என்று நகைக்க வேண்டாம். பெயரில்லாத செடியைப் பாதுகாப்புப் பட்டியலில் ஏற்றுவது எங்ஙனம்?

பெயர் பெற்ற பின்னும் தொல்லை தீர்வதில்லை. இச்செடிகள் மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து, ஈரம் மிகுந்த காலத்தில் சில நாள் மட்டும் சருகுக்கு மேலே பூவை நீட்டுகின்றன. சரவாக் காட்டில் பெக்காரி என்னும் இத்தாலியர் 1866-இல் கண்ட ‘திஸ்மியா நெப்டியூனிஸ்’ மறுபடி காணப்பட்டது 2017-இல். இடையே 151 ஆண்டுகள்! ஆகவே, இவை பரவியுள்ள இடங்களைக் காட்டும் படம், உண்மையில் மழைக்காலத்தில் தேடியவர்களின் காலடி பட்ட இடங்களைக் காட்டும் படமே. படத்தில் வெறுமையாயிருக்கும் இடம் காட்டிலும் வெறுமை என்று கொள்வது பெருந்தவறு.

மலேசியாவில் காடும் நிலமும் மாநில சர்க்கார்களின் அதிகாரத்தில் உள்ளவை. 2021-இல் வட கோல லங்காட் வனத்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதியின் காப்பு நிலையைச் சிலாங்கூர் சர்க்கார் நீக்கியது. ஜனங்களின் கடும் எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கி, மீண்டும் வனமாக அறிவிப்பதாகக் கூறியது. பொது விசாரணைக்குச் சட்டத்தில் இடம் இருப்பது நன்றே. ஆனால் விசாரணைக்கு வரும் கணக்கு நிமிர்ந்து நிற்கும் மரங்களை மட்டும் எண்ணியதாயிருந்தால், நியாயம் எங்ஙனம் கிடைக்கும்?

நாம் கேட்பது பெரிதன்று. பூக்கும் பருவத்தில், ஓராண்டோடு நில்லாது, சருகை விலக்கித் தேடிய பின்னரே ‘இங்கே அரியது ஒன்றுமில்லை’ என்று எழுதும் உரிமை அதிகாரிகளுக்கு உண்டு. அதுவரையில் கோடரி காத்திருக்கட்டும். வெட்டிய மரத்தின் இடத்தில் வேறு மரம் நடலாம். அறுந்த உறவை மீண்டும் நட எவராலும் ஆகாது.