மறுபடியும் பிளஸ் ஒன் பொதுத்தேர்வா? வேண்டாம் சார்

நேற்று எங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் எழுதியிருந்தார்: "பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்தது பெரிய தப்பு சார். லெவன்த் பாடத்தை மூட்டை கட்டிட்டு மறுபடியும் ட்வெல்த் நடத்த ஆரம்பிச்சுட்டாங்க. திரும்பக் கொண்டு வரணும்." கீழே வரிசையாகக் கட்டை விரல்கள். பதில் நீண்டுவிட்டதால் இங்கே போடுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 2017-ல் அந்தத் தேர்வை அறிவித்தபோது நானும் ஸ்டாஃப் ரூமில் சத்தமாக ஆதரித்தவன். பல பள்ளிகள் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. நீட், ஜேஇஇ என்று வந்தால் பிள்ளைகள் விழித்தார்கள். பொதுத்தேர்வு வைத்தால் பாடம் நடத்தித்தானே ஆக வேண்டும் என்று நம்பினேன்.

2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. அதற்குப் பிறகு பார்த்ததுதான் என் மனதை மாற்றியது.

பத்தில் 5 தாள், பதினொன்றில் 6, பன்னிரண்டில் 6. மூன்று வருடத்தில் 17 பொதுத்தேர்வுத் தாள்கள். ஒவ்வொரு வருடமும் அதற்கு முன் காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வுகள். பத்தாம் வகுப்பு முடித்த பையன் மூச்சு விடுவதற்குள் கையில் மினிமம் மெட்டீரியலைத் திணித்தோம். "இது ஏன் சார் இப்படி வருது?" என்று கேட்டவனிடம், "அதெல்லாம் எக்ஸாமுக்கு வராதுப்பா" என்று நானே சொல்லியிருக்கிறேன். கணக்கு வாத்தியார் சொல்லக் கூடாத வார்த்தை அது.

சரி, அந்த மதிப்பெண்ணாவது பயன்பட்டதா? முதலில் இரண்டு வருடமும் சேர்த்து 1200 என்றார்கள். 2018 செப்டம்பரிலேயே, உயர்கல்விக்கு பிளஸ் டூவின் 600 மட்டும் போதும் என்று மாற்றினார்கள். மதிப்பெண்ணுக்கு மதிப்பு போனது. தேர்வும் பயமும் மட்டும் நின்றன. எதிலும் சேராத மதிப்பெண்ணுக்காக எந்தப் பள்ளி பாடத்தை முழுசாக நடத்தும்? பாஸ் ஆகும் அளவு நடத்தினால் போதுமே!

மாட்டிக்கொண்டது ஏழைப் பிள்ளைகள். பிளஸ் ஒன்னில் பெயிலானாலும் அரியரோடு பிளஸ் டூ போகலாம் என்பது விதி. என் மாணவன் ஒருவன் இரண்டு பாடத்தில் போய்விட்டான். ஜூனில் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். "பெயிலானவன்னு கூட இருக்கிறவங்க சிரிக்கிறாங்களாம் சார், போக மாட்டேங்கிறான்" என்றார் அவன் அம்மா. பையன் அதற்குள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தான்.

அவன் ஒருவன் கதை மட்டும் இல்லை இது. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தாளுக்கு 50 ஆயிரம் பேர் வரவில்லை என்று பெரிய செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? அதில் பலர் பிளஸ் ஒன் கட்டத்திலேயே நின்றுபோனவர்கள் என்று அரசுத் தரப்பே சொன்னது.

2019-ல் 5, 8-ம் வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று ஆணை போட்டார்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் கட்சிகளும் எதிர்த்த பிறகு 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு அதே வகுப்புகளில் பெயில் போடலாம் என்று விதியை மாற்றியது. தமிழ்நாடு ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் எடுத்தது. கட்சி பார்த்து இதை எழுதவில்லை. எடுத்த ஆட்சியும் நான்கு வருடம் நடத்திவிட்டுத்தான் எடுத்தது.

நண்பர் சொல்லும் குறை உண்மைதான். ஆனால் அது பள்ளியின் குறை. நவம்பரில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் சி.இ.ஓ. ஜீப் போய் நிற்கட்டும். பிளஸ் ஒன் பிள்ளையின் இயற்பியல் நோட்டைத் திறந்து பார்க்கட்டும். பாடம் இல்லையா? அங்கீகாரத்தில் கை வைக்கட்டும். அதற்குத் தைரியம் இல்லாமல் 16 வயசுப் பிள்ளைக்குப் பரீட்சை வைப்பதா? மேய்ந்தது மாடு, அடி வாங்குவது கன்றா?

தேர்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. பள்ளி அளவில் ஆண்டுத் தேர்வு இருக்கிறது. பத்திலும் பன்னிரண்டிலும் பொதுத்தேர்வு இருக்கிறது. நடுவில் ஒரு வருடமாவது பிள்ளை புரிந்து படிக்கட்டும்.

கட்டை விரல் போட்ட நண்பர்களே, ஜூன் மாதம் வகுப்புக்கு வராமல் போன ஒரு பிள்ளையின் முகமாவது உங்களுக்கும் நினைவிருக்கும். அதை நினைத்துப் பார்த்துவிட்டு, திரும்பக் கொண்டு வரலாமா என்று சொல்லுங்கள்.